கடலோர வயலையும் கிணற்றையும் உவரினின்று காத்தல்

கடற்கரையை அண்டி வாழும் கமக்காரர் கடலின் சீற்றத்தை நன்கு அறிவர். 1964ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் வீசிய சூறாவளி மன்னார்க் கரையையும் வட பகுதியையும் தாக்கியது. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி வீசிய சூறாவளி மட்டக்களப்புப் பகுதியின் தென்னந் தோட்டங்களைச் சாய்த்தது. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி எழுந்த ஆழிப்பேரலை கரையோரமெங்கும் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டதோடு வயல்களையும் கிணறுகளையும் கடல்நீரால் நிரப்பிச் சென்றது. 2008ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் நிஷா சூறாவளியுடன் வந்த மழை யாழ்ப்பாணக் குடாநாட்டின் பல பகுதிகளை வெள்ளத்தில் ஆழ்த்தியது.

இவை யாவும் ஓசையுடன் வரும் இடர்கள். ஓசையின்றி வரும் இடர் ஒன்றும் உண்டு. கடல்நீர் நிலத்தின் கீழாக ஊர்ந்து வந்து கிணற்றை அடைவதே அது. முதலாண்டில் கிணற்று நீர் பங்குனி மாதத்தில் சிறிது சவர்க்கும். இரண்டாம் ஆண்டில் தை மாதத்திலேயே சவர்க்கத் தொடங்கும். பின்னர் வெங்காயத் தாளின் நுனி கருகும், போஞ்சி காய்க்காது, வரம்போரங்களில் வெண்மையாக உப்புப் பூக்கும். அந்நிலையிற் கமக்காரர் நோயென்று கருதி மருந்து தெளிப்பர். பசளை போதாதென்று கருதி மேலும் பசளை இடுவர். உண்மையான காரணம் கிணற்றின் அடியில் இருப்பதை அறியும்போது காலம் கடந்துவிடும். சூறாவளியாற் சாய்ந்த வேலியை ஒரு வாரத்தில் நிமிர்த்தலாம். உவரேறிய கிணற்றைப் பல மழைக்காலங்கள் சென்றாலன்றித் திருத்த முடியாது.

ஆகவே கடலோரக் கமக்காரர் முதலில் மனத்திற் கொள்ளவேண்டிய உண்மை ஒன்றுண்டு. கடல்நீரைத் தடுப்பன மண்ணணையும் கல்லணையும் மாத்திரமல்ல. நிலத்திற் சேர்ந்து நிற்கும் நன்னீரே முதன்மையான அணையாகும். அவ்வணையை எவ்வாறு உயர்த்துவது, எவ்வாறு உடையாது காப்பது என்பன இத்துண்டுப் பிரசுரத்தில் விளக்கப்படுகின்றன.

நிலத்தின் கீழுள்ள நன்னீர்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 50 அங்குல மழை பெய்கிறது. அதன் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மாதங்களுக்குள் பெய்து முடிந்துவிடும். அம்மழைநீர் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளினூடாகக் கீழிறங்கி, அங்கே ஏற்கெனவே பரவியிருக்கும் கடல்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் கடல்நீரிலும் பாரங் குறைந்ததாகையால் இவ்வாறு மிதத்தல் இயல்கிறது. கிழக்குக் கரையோரத்து மணற்றரைகளிலும் இதே முறையில் நன்னீர் நிற்கிறது. புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்கள் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். அக்கிணற்றின் மேற்பகுதி நீர் பயிருக்கும் பாவனைக்கும் உதவும். ஆழத்திலுள்ள நீர் உவர்நீராகும். குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றின் அடியிலும் நிலைமை இதுவே. வேறுபாடு உவர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பது மாத்திரமே.

இவ்வாழத்தைக் கணிக்கும் விதி எளியது. நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு 1 அடி மேலே நிற்குமாயின், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி வரை நன்னீர் நிற்கும். இதனை மறுபுறமாக நோக்குவோம். அளவுக்கு மிஞ்சி இறைத்து நீர்மட்டத்தை நிலையாக 1 அடி தாழ்த்தினால், கீழுள்ள உவர்நீர் காலப்போக்கில் 40 அடி வரை மேலெழ முற்படும். மேலே ஓர் அடி இழப்பவர் கீழே நாற்பது அடியை இழக்கிறார்.

இது ஒருவருடைய கிணற்றோடு முடிவதுமன்று. அடுத்தடுத்துள்ள இரு தோட்டங்களைக் கருதுவோம். ஒருவர் காலையில் இரண்டு மணி நேரம் அளவாக இறைக்கிறார். மற்றவர் வலிய இயந்திரம் ஒன்றைப் பூட்டிப் பகல் முழுவதும் இறைக்கிறார். உவர்நீர் வேலியின் எல்லையை அறியாது. வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புக்கல்லில் நீர் விரைந்து பரவுமாதலால், அளவாக இறைத்தவருடைய கிணறும் சேர்ந்தே கெடும். கிணறு தனியுடைமையாயினும் கிணற்றின் கீழுள்ள நன்னீர் ஊரின் பொதுச் சொத்தாகும்.

கடல்மட்டம் உயர்ந்து வருதல்

இவ்விடர் எதிர்காலத்திற் குறையப்போவதில்லை. உலகம் வெப்பமடைவதாற் கடல்நீர் விரிவடைகிறது. பனிப்பாறைகள் உருகிக் கடலிற் சேர்கின்றன. 1901ஆம் ஆண்டு தொடக்கம் 2018ஆம் ஆண்டு வரை உலகின் சராசரிக் கடல்மட்டம் ஏறக்குறைய 20 சதமீற்றர், அதாவது 8 அங்குலம் உயர்ந்தது. 2006க்கும் 2018க்கும் இடைப்பட்ட காலத்தில் ஆண்டொன்றுக்கு 3.7 மில்லிமீற்றர் என்ற விரைவில் உயர்ந்தது. இந்நூற்றாண்டின் முடிவிற்குள், உலகம் வெளிவிடும் புகையின் அளவைப் பொறுத்து, 11 அங்குலம் முதல் 40 அங்குலம் வரை உயரக்கூடுமென அறிவியலறிஞர் மதிப்பிட்டுள்ளனர்.

சில அங்குலம் என்று இதனை அலட்சியம் செய்தல் தகாது. தரவைகளும் நீரேரிக் கரை வயல்களும் கடல்மட்டத்துக்குச் சில அடிகளே மேலாக உள்ளன. கடல்மட்டம் உயருந்தோறும், முன்னர் கரையோடு நின்ற கடற்பெருக்கு வாய்க்கால் வழியே வயலுக்குள் ஏறும். சூறாவளி தள்ளிவரும் நீர் மேலும் உட்புறம் வரும். நிலத்தடியில் உவரும் மேலெழும். எனவே இன்று செய்யும் ஏற்பாடுகள் நமக்கு மாத்திரமன்றி நம் பிள்ளைகளின் கமத்துக்கும் உரியனவாகும்.

கிணற்றைக் காக்கும் முறைகள்

முற்காலத்தில் துலாவாலும் பட்டையாலும் இறைத்தபோது மனிதரின் களைப்பே கிணற்றுக்குக் காவலாக இருந்தது. இயந்திரத்துக்குக் களைப்பில்லை. ஆகவே அக்காவலைக் கமக்காரர் தம் அறிவினாலேயே செய்தல் வேண்டும்.

1. கிணற்றின் உட்சுவரில் அடிக்கொரு கோடாக நிறம் தீட்டி வையுங்கள். இறைப்பதற்கு முன்னும் பின்னும் நீர் எக்கோட்டில் நிற்கிறதென்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாட் காலையில் நீர் பழைய கோட்டுக்கு ஏறாவிடின், முதல்நாள் இறைத்தது மிகையென்று அறியலாம்.

2. ஒரே முறையில் நீண்ட நேரம் இறையாது, காலையிலும் மாலையிலும் சிறிது சிறிதாக இறையுங்கள். வலிய இயந்திரத்திலும் சிறிய இயந்திரமே கடலோரக் கிணற்றுக்கு ஏற்றது.

3. நீர் குறைந்த காலத்திற் கிணற்றை ஆழப்படுத்த வேண்டாம். மேட்டுநிலத்தில் ஆழப்படுத்துவது நீரைத் தரும். கடலோரத்தில் அது உவரையே தரும். குழாய்க்கிணறு தோண்ட எண்ணுவோர் உரிய அலுவலரின் ஆலோசனையை முன்னதாகப் பெறுதல் அவசியம்.

4. ஆண்டில் இருமுறையாவது, மழை முடிந்த தை மாதத்திலும் வெயில் முதிர்ந்த ஆவணி மாதத்திலும், நீரைச் சோதிப்பியுங்கள். நீரின் மின்கடத்துதிறனை அளக்கும் சிறு கருவியால் உவரின் அளவு உடனே தெரியவரும். அளவு மீற்றருக்கு 0.7 தெசிசீமனுக்குக் குறைவாயின் எப்பயிருக்கும் ஏற்றது, 0.7 முதல் 3 வரையாயின் பயிரைத் தெரிந்து பாய்ச்சுதல் வேண்டும். 3க்கு மேலாயின் பெரும்பாலான காய்கறிகளுக்கு ஏலாது. நாவினாற் சுவைத்து அறிவது போதாது. நாவுக்குத் தெரியாத உவரே போஞ்சியையும் வெங்காயத்தையும் தாக்கிவிடும்.

உவர் சிறிதாயினும் அது நிலத்தில் தங்கிச் சேர்வதை மறத்தலாகாது. மின்கடத்துதிறன் 2 ஆக உள்ள நீரை ஓர் ஏக்கருக்கு 1 அங்குலம் பாய்ச்சினால், ஏறக்குறைய 130 கிலோகிராம் உப்பு அந்நிலத்திற் சேரும். நீர் ஆவியாகிச் செல்லும், உப்பு செல்லாது. மழை கழுவினாலன்றி அது நீங்குவதில்லை.

மழைநீரை மறித்து நிலத்திற் சேர்த்தல்

மாரியில் ஓடிக் கடலிற் கலக்கும் ஒவ்வொரு துளியும் கோடையில் உவரைத் தடுத்திருக்கக்கூடிய துளியாகும். முன்னோர் ஊர்தோறும் குளங்களையும் கேணிகளையும் அமைத்தது நீராடுவதற்கு மாத்திரமன்று. அவை நிலத்தடிக்கு நீரூட்டும் வாய்களாகவும் விளங்கின. தூர்ந்துபோன குளத்தைப் புரட்டாதிக்கு முன்னர் தூர்வாரி, அதற்கு நீர் வரும் வாய்க்காலைத் திறந்துவிடுதல் ஊரார் ஒன்றுகூடிச் செய்யவேண்டிய பணியாகும். தோட்டத்தைச் சுற்றி ஓரடி உயரத்துக்கு வரம்பு கட்டினால், அத்தோட்டத்திற் பெய்யும் மழை அத்தோட்டத்திலேயே இறங்கும்.

பெருமளவில் இதே நோக்கத்துக்காகவே தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் உவர்நீர்த் தடுப்பணைகள் அமைக்கப்பட்டன. ஆனையிறவு நீரேரியை நன்னீராக்கி அந்நீரை வடமராட்சி நீரேரிக்குக் கொண்டுசெல்லும் திட்டத்தை நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1950களில் முன்வைத்தார். ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என வழங்கும் அத்திட்டம் முழுமையாக நிறைவேறவில்லை; எனினும் அதன் அடிப்படைக் கருத்து இன்றும் செல்லுபடியாகும். மாரி வெள்ளம் வரும்போது கதவுகளைத் திறந்து நீரேரியின் உவரைக் கழுவிவிடுதல், மழை முடியுந் தறுவாயில் கதவுகளை மூடி நன்னீரைத் தேக்குதல் என்பதே அக்கருத்து. ஆண்டுதோறும் இவ்வாறு செய்துவர நீரேரிக் கரையிலுள்ள கிணறுகளும் தரவைகளும் படிப்படியாக உவர் நீங்கும். கதவு ஒன்று கசிந்தாலும், மீனுக்காகவோ இறாலுக்காகவோ எவரேனும் அதனைக் காலமல்லாக் காலத்தில் திறந்தாலும், ஓராண்டுப் பயன் ஓரிரவில் அழியும். அணையருகே வயலுடையோர் கசிவைக் கண்டவுடன் கமக்காரர் அமைப்பின் வாயிலாக உரிய அலுவலருக்கு அறிவித்தல் வேண்டும்.

கண்டற் செடிகளையும், கரையோர மணற்றிட்டிகளையும், அவற்றின்மேல் நிற்கும் தாழையையும் பனையையும் அழித்தலாகாது. அவை அலையின் வேகத்தைத் தணிப்பதோடு, மணற்றிட்டி தானும் நன்னீரைத் தாங்கும் சிறு நீர்த்தொட்டியாக உள்ளது.

உவர்த் தாக்கமுள்ள நெல்வயல்

நெற்பயிர் முளைக்கும்போது உவரைப் பெரும்பாலும் தாங்கும். இளநாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் தாங்காது. இதனை அறிந்து நடப்பதே உவர் வயலில் வெற்றி பெறும் வழியாகும்.

உவர் வயலில் நேரே விதைப்பதிலும் நாற்று நடுதல் நன்று. நன்னீர் கிடைக்கும் மேட்டில் நாற்றுமேடை அமைத்து, 25 முதல் 30 நாள் வரை முதிர்ந்த நாற்றைக் குத்துக்கு மூன்று நான்காக நடுதல் வேண்டும். நடுவதற்கு முன்னர் முதல் மழைநீரை வயலில் மூன்று நான்கு அங்குலம் தேக்கி, சில நாட்களின் பின் வடித்து, மீண்டும் தேக்குதல் வேண்டும். நல்ல வடிகாலுள்ள நிலத்தில் 1 அடி ஆழ மண்ணினூடாக 1 அடி நன்னீர் இறங்கிச் செல்லுமாயின், அம்மண்ணிலுள்ள உப்பில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு நீங்கிவிடும். வடிகால் இல்லாத வயலில் எத்தனை முறை நீர் தேக்கினும் இப்பயன் கிடையாது.

பயிர் நிற்கும்போது வயலை வெடிக்கக் காயவிடலாகாது. காயும் மண் கீழுள்ள உவரை மேலே இழுக்கும்.

இனங்களைத் தெரியும்போது உவரைத் தாங்கும் இனங்களையே தெரிதல் வேண்டும். கேரளக் கரையோரத்து உவர் வயல்களில் நெடுங்காலமாகப் பயிரிடப்படும் பொக்காலி என்னும் நெல்லை ஒரு பெற்றோராகக் கொண்டு இலங்கையில் உருவாக்கப்பட்ட ஏ.ரி. 354 இத்தகைய நிலங்களுக்கு ஏற்றது. அது மூன்றரை மாத இனமாகும். உங்கள் பகுதிக்கு எவ்வினம் பொருந்துமென விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிந்து, விதைநெல்லை முன்னதாகவே பெற்றுக்கொள்ளுங்கள்.

காய்கறித் தோட்டம்

காய்கறிகள் யாவும் உவரை ஒரே அளவில் தாங்குவதில்லை. போஞ்சி, கரற், வெங்காயம் ஆகியவை சிறிதும் தாங்கா. மிளகாயும் கோவாவும் ஓரளவு தாங்கும். தக்காளி அவற்றிலும் சிறிது கூடுதலாகத் தாங்கும். பீற்றூட் நன்கு தாங்கும். கிணறு சவர்க்கத் தொடங்கிய தோட்டத்தில், நல்ல நீருள்ள மாரியின் பிற்பகுதியில் மெல்லிய பயிர்களையும், கோடையில் தாங்கும் பயிர்களையும் வைத்தல் அறிவுடைமையாகும்.

சாலில் நீர் பாய்ச்சும்போது உப்பு பாரின் உச்சியில் வந்து கூடும். ஆகையாற் கன்றை உச்சியில் நடாது பாரின் பக்கச் சரிவில் நடுங்கள். வைக்கோலாலோ காய்ந்த இலைகுழைகளாலோ நிலத்தை மூடிவைத்தால் நீர் ஆவியாதல் குறைந்து உப்பு மேலெழுதலும் குறையும். கூட்டெருவையும் சணல் போன்ற பசுந்தாட் பசளையையும் தாராளமாக இடுங்கள். சொட்டுநீர்ப் பாசனம் அமைக்க இயன்றோர் அமைத்தல் நன்று. அதே பயிரைக் குறைந்த நீரால் வளர்க்க அது உதவும். உவர் கலந்த நீரை இலைகளின்மேற் படத் தெளித்தலாகாது.

சூறாவளிக் காலத்துக்கான முன்னேற்பாடு

நமது கரையில் பெரும் சூறாவளிகள் பெரும்பாலும் கார்த்திகை, மார்கழி மாதங்களிலேயே வருகின்றன. பெரும்போக நெல் வயலில் நிற்கும் காலமும் அதுவே. எனவே ஏற்பாடுகளைப் புரட்டாதி முடிவதற்குள் செய்துவிடுதல் வேண்டும்.

வடிகால்களைத் துப்புரவு செய்யுங்கள். வெள்ளமும் கடல்நீரும் விரைந்து வடிவதற்கு இதுவே வழி. கிணற்றுக் கட்டைச் சுற்றியுள்ள தரையிலும் உயர்த்துங்கள். விதைநெல்லை நன்கு உலர்த்தி, ஒரே இடத்தில் வையாது, இரு வேறு வீடுகளில் உயரமான பரண்களில் வையுங்கள். நீரிறைக்கும் இயந்திரம், பசளை, பயிர் மருந்து ஆகியவற்றை வெள்ளம் எட்டா உயரத்தில் வையுங்கள். மருந்து கிணற்றிற் கலந்தால் விளையும் கேடு பெரிது. காணி உறுதியையும் கமக்காரர் அடையாளப் பத்திரங்களையும் நீர் புகாத உறையிலிட்டு எடுத்துச் செல்ல ஆயத்தமாக வையுங்கள்.

வளிமண்டலவியல் திணைக்களம் எச்சரிக்கை விடுத்ததும் முற்றிய கதிரை அரிவிவெட்டிச் சேருங்கள். மாடுகளைக் கட்டைகளினின்று அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்னும் தொலைபேசி இலக்கத்தில் நிலைமையை அறியலாம். வெளியேறும்படி கூறப்படின் உடனே வெளியேறுங்கள். நிலம் கடுமையாக அதிர்ந்தாலோ, கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினாலோ எச்சரிக்கையை எதிர்பாராது மேட்டுக்கு விரையுங்கள். பயிரை மறு போகத்திற் பெறலாம். உயிரைப் பெற முடியாது.

கடல்நீர் புகுந்த பின் செய்யவேண்டியவை

கடல்நீர் ஒரு லீற்றரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. ஓர் ஏக்கர் வயலில் 1 அங்குலக் கடல்நீர் வடியாது நின்று வற்றுமாயின், ஏறக்குறைய மூன்றரைத் தொன் உப்பு அங்கே தங்கிவிடும். ஆகவே முதற் கடமை வரம்பை வெட்டி நீரை வடித்தலேயாகும். கடலடிச் சேறு தடிப்பாகப் படிந்திருப்பின் அதனை உழுது மண்ணோடு கலவாது, சுரண்டி அகற்றுதல் வேண்டும். பின்னர் மழைநீரைத் தேக்கியும் வடித்தும் மண்ணைக் கழுவுங்கள். களிமண் வயலிற் கடல்நீர் நீண்ட நேரம் நின்றிருப்பின் மண் இறுகி நீர் இறங்காத நிலை உண்டாகலாம். அவ்வேளையில் மண்ணைச் சோதிப்பித்து, கூறப்படும் அளவுக்கு ஜிப்சம் இடுதல் பயன்தரும்.

கிணற்றைப் பொறுத்தவரை 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின் பின் கிழக்குக் கரையிற் பெற்ற பாடத்தை மறத்தலாகாது. கிணறுகளை மீண்டும் மீண்டும் இறைத்து வெறுமையாக்கினால் உவர் நீங்குமெனப் பலர் எண்ணினர். அவ்வாறு இறைத்ததால் உவர் நீங்கவில்லை; மிகையாக இறைத்தல் கீழுள்ள உவரை மேலே இழுக்கவும் கூடும். கிணறுகளைத் திருத்தியது பின்வந்த மழையே. எனவே கிணற்றில் விழுந்த குப்பையையும் சேற்றையும் அகற்றும் அளவுக்கே இறைத்துவிட்டு, எஞ்சியதை மழைக்கு விடுங்கள். நீரைச் சோதிப்பித்துத் தகுதியென அறியும்வரை அதனைக் குடிக்கவோ பயிருக்குப் பாய்ச்சவோ வேண்டாம்.

ஆண்டு முழுவதற்குமான நினைவூட்டல்

ஆவணி: கிணற்று நீரைச் சோதிப்பித்தல், குளமும் கேணியும் தூர்வாருதல்.

புரட்டாதி: வரம்பும் வடிகாலும் திருத்துதல், விதைநெல்லைப் பாதுகாத்தல், தடுப்பணைக் கதவுகளைப் பார்வையிட்டுப் பழுதை அறிவித்தல்.

ஐப்பசி முதல் மார்கழி வரை: முதல் மழையால் மண்ணைக் கழுவுதல், நாற்று நடுதல், வானிலை அறிவித்தலை நாள்தோறும் கேட்டல்.

தை: தடுப்பணைக் கதவுகள் மூடப்பட்டுள்ளனவாவென அறிதல், கிணற்று நீரை மீண்டும் சோதிப்பித்தல், அதன்படி கோடைப் பயிரைத் தெரிதல்.

மாசி முதல் ஆடி வரை: கிணற்றுக் கோட்டைப் பார்த்து அளவாக இறைத்தல், நிலத்தை மூடிவைத்தல்.

இவற்றுட் பெரும்பணம் வேண்டுவன சிலவே. ஊரார் ஒருமித்து நடத்தல் வேண்டுவனவே பல. ஒருவர் மாத்திரம் அளவாக இறைப்பதாற் பயன் சிறிது. ஒரே நீரைப் பங்கிடும் தோட்டக்காரர் யாவரும் இவ்வாண்டு மழைக்கு முன்னர் ஒருமுறை கூடி, இறைக்கும் நேரத்தையும் குளம் தூர்வாரும் நாளையும் தீர்மானித்துக்கொள்வார்களாயின், கோடையில் அவர்தம் கிணறுகளில் நன்னீர் நிற்கும். மேலதிக ஆலோசனைகளுக்கு உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரையோ கமநல சேவை நிலையத்தையோ அணுகுங்கள்.